பஸ்காரர் மகள் நடந்து போகிறாள்

“அப்பா, நாம நடக்கும்போது மூளையும் நடக்குமா, இல்ல மேல உக்காந்துக்கிட்டே வருமா?”

தாரணி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. காளியம்மன் கோயிலிலிருந்து சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கையில் அப்பாவின் சுண்டுவிரல், மறு கையில் பிரசாதச் சுண்டல். சுப்பிரமணியம் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்த உதாரணமும் அதுதான்.

“மூளை முதலாளிம்மா. ஏறி உக்காந்துக்கும். காலுதான் டிரைவர்.”

குழந்தை நாலு அடி நடந்து தன் காலையே குனிந்து பார்த்தது. “அப்படின்னா அது தூங்கிடுமே,” என்றுவிட்டு மறுபடி சுண்டலைக் கவனிக்கப் போய்விட்டது.

அந்த வாரம் முழுவதும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட வந்த பெற்றோரிடமெல்லாம் அவர் இதைச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் மறந்துவிட்டார். எட்டு வருஷம் கழித்து, மே மாதத்துப் பெற்றோர் சந்திப்பில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுகூட அது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

தாரணி அப்போது உயர்நிலை இரண்டில் இருந்தாள். கணித ஆசிரியர் துவாரகன் மதிப்பெண் தாளை மேசைமேல் வைத்தார். அமைதியான மனிதர், கெட்ட செய்தியையும் டீ கொடுப்பதுபோல மெதுவாகத்தான் நீட்டுவார்.

“அடுத்த வருஷம் தாரணி ஜி-த்ரீ கணக்குல தொடரணும்னா, வருஷக் கடைசித் தேர்வுல அறுபது எடுக்கணும் சார். இல்லன்னா ஒரு படி கீழ, ஜி-டூவுக்கு மாத்த வேண்டியிருக்கும். அதுல தப்பில்ல. ஆனா அவளுக்குப் பாலம் கட்டற படிப்புல ஆசைன்னு சொல்றா. அதுக்கு இது வேணும்.”

“இப்ப எவ்வளவு இருக்கு?”

“சராசரி அம்பது.”

சந்திப்பு முடிந்து சுப்பிரமணியம் தாரணியோடு வீட்டுக்குத் திரும்பினார். தேக்காச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி அவர்கள் வீடு. மின்தூக்கியில் ஏறினதும், “டியூஷன் வைக்கலாமா பாப்பா?” என்று கேட்டார்.

“வேணாம்ப்பா. நான் ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். வந்து பாருங்க.”

லிஸ்ட் என்று அவள் சொன்னது ஒரு பட்டியல். ஜனவரியிலிருந்து எழுதிய ஒவ்வொரு கணக்கு டெஸ்ட்டும் அதில் இருந்தது. பக்கத்தில் மதிப்பெண். அதற்கும் பக்கத்தில் டெஸ்ட் நடந்த நேரம். காலை முதல் பாடவேளையில் எழுதியவை முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து. இடைவேளைக்கு அப்புறம் எழுதியவை அறுபத்தெட்டு, எழுபத்தொன்று.

“அதே நான்தான். அதே சார்தான். காலையில மட்டும் தலைக்குள்ள யாரும் இல்ல.”

அவள் அம்மா கண்மணி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். பட்டியலைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “வருஷக் கடைசித் தேர்வு எத்தன மணிக்கு?”

“காலையில எட்டு.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தாரணி சாப்பாட்டு மேசையில் இருந்த ஊறுகாய் பாட்டிலை ஒரு பக்கமும் உப்பு ஜாடியை இன்னொரு பக்கமும் நகர்த்தி வைத்தாள். “இது வீடு. இது ஸ்கூல். நடந்தா இருபத்தஞ்சு நிமிஷம். ஆனா நான் எப்படிப் போறேன்?” விரலால் மேசையெல்லாம் ஒரு பெரிய வட்டம் போட்டாள். வட்டம் சோற்றுப் பாத்திரம், தண்ணீர்ச் சொம்பு, அப்பாவின் கைப்பேசி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு உப்பு ஜாடியில் வந்து முடிந்தது.

அதில் ஒரு பொய்யும் இல்லை. சுப்பிரமணியத்தின் பஸ் அவள் பள்ளிக்குப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பஸ். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி சிராங்கூன், பொத்தோங் பாசிர், தோ பாயோ என்று சுற்றி ஏழு பத்துக்குத்தான் பள்ளி வாசலைத் தொடும். டிரைவர் மகள் என்பதால் தாரணிதான் முதலில் ஏறுவாள், கடைசியில் இறங்குவாள். ஒன்றரை மணி நேரம் குளிரூட்டியின் காற்றில், கண்ணாடியில் தலை சாய்த்து, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல். உயர்நிலை ஒன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. சொந்த பஸ் இருக்கிறது, பிள்ளை சொகுசாகப் போய் வருகிறாள் என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக நினைத்திருந்தார்கள்.

“அதனால?” என்றார் சுப்பிரமணியம். பதில் தெரிந்தேதான் கேட்டார்.

“ஜூன் லீவு முடிஞ்சதும் நான் நடந்து போறேன். ஒரு டெர்ம். சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்ப்பா.”

“பஸ் ஓட்டறவன் பொண்ணு நடந்து போனா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? வண்டியில எதுவோ கோளாறு, அவன் புள்ளையே ஏற மாட்டேங்குதுன்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லட்டும் லா,” என்றாள் தாரணி, சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் இழுப்பில்.

“என்னங்க,” என்றாள் கண்மணி, “அவங்க சொல்றது நாலு நாளு. மார்க்கு நாலு வருஷம்.”

அவர் எழுந்து பட்டியலை எடுத்தார். மதிப்பெண்களை அல்ல, நேரங்களை மறுபடி ஒருமுறை பார்த்தார். முப்பத்தைந்து வாங்கின அந்தக் காலையில் தோ பாயோவில் ஒரு பிள்ளை வராததால் பத்து நிமிஷம் காத்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. “மழை பெஞ்சா?” என்றார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

ஜூன் கடைசியில் அவள் நடக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மேனுகாவுக்குத்தான் தாங்கவில்லை. முதல் நாள் காலியாக இருந்த முன் இருக்கையைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, சாப்பாட்டுக் கடைக்காரர் வீட்டுப் புள்ள பக்கத்துக் கடையில போய் சாப்பிடற மாதிரி இருக்கே,” என்றாள்.

“சும்மா இரு மேனுகா.”

“நான் சும்மாதான் இருக்கேன். பொத்தோங் பாசிர்ல அந்த ரெட்டைப் பசங்களோட அம்மா கேப்பாங்க. அப்ப நீங்க சும்மா இருங்க பாப்போம்.”

அந்த அம்மா கேட்கத்தான் செய்தார். “அங்கிள், மகளுக்கு உடம்பு சரியில்லையா?” சுப்பிரமணியம் கழுத்தைச் சொறிந்துகொண்டு, “நடக்கறா. நல்லதுன்னு சொல்றா,” என்றார். கதவை மூடி நூறு அடி போனதும் மேனுகா பின்னாலிருந்து, “நல்லதுன்னு சொல்றா,” என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்ட, குட்டிப் பிள்ளைகள் எல்லாம் அதையே பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தோ பாயோவில் ஒரு பிள்ளை விடுப்பு. பஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, பள்ளிக்குச் சற்று முன்னால் உள்ள பூன் கெங் பக்கம் வந்துவிட்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது ஓர் இரட்டைப் பையன், “அங்கிள், தாரணி அக்கா,” என்று கை காட்டினான்.

அவள் எதிர்ப்பக்கம், கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில் வந்துகொண்டிருந்தாள். கடைகள் இன்னும் திறக்கவில்லை. புத்தகப் பை முதுகில் குதித்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் காற்றில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியது. திடீரென்று நின்றாள். முகம் மலர்ந்தது. யாரோ நல்ல செய்தி சொன்னதுபோலத் தனக்குத் தானே தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தாள். பஸ்ஸைப் பார்க்கவே இல்லை.

விளக்கு பச்சையானது சுப்பிரமணியத்துக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்த லாரிக்காரர்தான் தெரியப்படுத்தினார்.

ஒன்றரை வருஷமாகக் கண்ணாடியில் அவர் பார்த்தது தூங்கி வழியும் ஒரு முகம். இப்படி ஒரு முகம் தன் வீட்டில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன்பிறகு இரவுச் சாப்பாட்டில் பேச்சு நீண்டது. பெருமாள் கோயில் வாசலில் பூக்காரர் முழம் போட்டு அளக்கும்போது அவர் கை நீளத்துக்கும் தன் கை நீளத்துக்கும் என்ன விகிதம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். எந்தப் பூனை எந்தக் கடைப் படியில் தூங்கும் என்று தெரிந்திருந்தது. கடைசிக் கடைத் தூணோடு கூரை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிப் பள்ளி வாசல் வரைக்கும் வெட்ட வெளி.

“எண்ணிப் பாத்தேன், நானூத்திப் பன்னண்டு காலடிப்பா. நாலு இன்ட்டு நூத்தி மூணு. நூத்தி மூணு ஒரு பிரைம். அதை எதாலயும் உடைக்க முடியாது.”

“உடைக்காட்டி விட்டுடு. சாப்பிடு,” என்றாள் கண்மணி.

ஜூலையில் காலை டெஸ்ட்டில் ஐம்பத்து மூன்று வந்தது. ஆகஸ்ட்டில் ஐம்பத்தெட்டு. துவாரகன் சார் தாளின் ஓரத்தில் ‘காலை வணக்கம்’ என்று எழுதியிருந்தார். தாரணி அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள். சுப்பிரமணியம் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் குடிப்பார்.

தேர்வு அக்டோபர் முதல் வாரம். அதற்கு முந்தின நாள் மாலை தூறல். சுப்பிரமணியம் டீசல் போட இறங்க வேண்டியிருந்ததால் போகிறபோது வீட்டு வாசலில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டார். நீல நிற மடக்குக் குடை. தாரணியுடையது. திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. குடையும் நினைவிலிருந்து விட்டுப்போனது.

மறுநாள் காலை ஆறரைக்கு, பொத்தோங் பாசிரில் இரட்டையர்கள் ஏறும் நேரத்தில், மேற்கிலிருந்து காற்று அடித்தது. அடுத்த நிமிஷம் வானம் கவிழ்ந்தது. விடியற்காலையில் அடிக்கிற அந்த மழை எப்படியிருக்கும் என்று சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துடைப்பான் எவ்வளவு வேகமாக அடித்தாலும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அவர் முன்கண்ணாடிக்குக் கீழே பார்த்தார். அங்கே நீலக் குடை சமர்த்தாகப் படுத்திருந்தது.

வண்டியை ஓரம் கட்டி வீட்டுக்குப் போன் செய்தார்.

“அவ கிளம்பிட்டாளே,” என்றாள் கண்மணி. “சீக்கிரமே கிளம்பிட்டா. வாசல்ல குடையக் காணோம்னு தேடினா. ஐந்தடிப் பாதையிலயே போயிடுவேன், நனைய மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா.”

அப்படிப் போகலாம். கடைசித் தூண் வரைக்கும் போகலாம். அதற்கு அப்புறம் நானூற்றுப் பன்னிரண்டு அடி.

பஸ்ஸில் பதினான்கு குழந்தைகள். இன்னும் ஒன்பது குழந்தைகள் ஏற வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது? “அண்ணே, மெதுவாப் போங்க,” என்று மேனுகா சொன்னாள். முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. முருகா, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அவர் ஓட்டினார். சொட்டச் சொட்ட நனைந்து, குளிரூட்டின தேர்வறையில் நடுங்கிக்கொண்டே பேனா பிடிக்கிற கை ஒன்று அவர் கண்ணுக்குள் வந்துவந்து போனது. ஒன்றரை வருஷம் தினமும் ஒன்றரை மணி நேரம் சுற்ற வைத்தேன். இப்போது குடையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழரைக்கு மேல்தான் பள்ளி வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இறங்கியதும் நீலக் குடையை எடுத்துக்கொண்டு, விரிக்கவும் தோன்றாமல், பக்கத்துப் பள்ளி வாசலுக்கு ஓடினார். காவலாளி நல்ல மனிதர்தான். ஆனால் மாணவர்கள் எல்லாரும் உள்ளே போயாகிவிட்டது, கைப்பேசிகள் பூட்டில் இருக்கின்றன, தேர்வு அறைக்கு யாரையும் அனுப்ப முடியாது என்றார். சுப்பிரமணியம் நனைந்தபடியே திரும்பினார்.

மதியம் இரண்டரைக்குத் தாரணி வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவள் உடை காய்ந்துதான் இருந்தது. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. வளைந்த மரப்பிடி. ஒரு பக்கம் இரண்டு கம்பிகள் முறிந்து, ஒரு சிறகு ஒடிந்த காக்கை மாதிரி தொங்கியது.

“இது யாருது?”

“தெரியாதுப்பா. உக்காருங்க, சொல்றேன். அம்மா, நீங்களும் வாங்க.”

அவள் கடைசித் தூணில் வந்து நின்றபோது எதிரே பாலமே தெரியவில்லையாம். ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறாள். அப்போதுதான் தூணில் அடித்திருந்த கொக்கியில் இந்தக் குடை தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். சுற்றிலும் ஒருவரும் இல்லை. கடை பூட்டிக் கிடந்தது.

“எடுத்தா திருட்டு. எடுக்கலன்னா எக்ஸாம் போச்சு. நான் அங்கேயே ரெண்டு பக்கமும் யோசிச்சேன். அப்புறம் ஒரு ஐடியா வந்துச்சு. ‘சோப்’ பண்ணிட்டேன்.”

உணவங்காடியில் இருக்கையில் டிஷ்யூ எனும் கைத்தாள் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால் அந்த இடம் நம்முடையது. ‘சோப்’ என்பார்கள். இந்த ஊரில் அந்தப் பொட்டலத்தை யாரும் நகர்த்தமாட்டார்கள். தாரணி புதுக் கைத்தாள் பொட்டலம் ஒன்றின்மேல், ‘மன்னிக்கவும். இன்று எனக்குக் கணக்குத் தேர்வு. குடையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மணிக்குக் கொண்டுவந்து வைப்பேன். தாரணி’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அதைக் கொக்கியில் செருகிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “குடைக்கு சோப் வச்ச ஒரே ஆளு நீதான்டி.”

“அப்புறம் ஏன் திருப்பி வைக்கல?” என்றார் சுப்பிரமணியம்.

அவள் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். அவள் எழுத்துக்குக் கீழே பென்சிலில் வேறு கையெழுத்து. அதுவும் ஆங்கிலம்தான். ‘அவசரமில்லை லா. எல்லாத் தேர்வும் முடியட்டும். நன்றாக எழுது.’

சுப்பிரமணியம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டலம் பிரிந்திருந்தது. பத்துத் தாள் இருக்க வேண்டியதில் எட்டுதான் இருந்தது.

“ரெண்டு நீ எடுத்தியா?”

“இல்லப்பா.”

யாரோ ஒருவர் அந்த மழையில் தூண்வரை வந்திருக்கிறார். தன் குடை இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கடிதத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டு தாளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பென்சிலைத் தேடி எடுத்து, பெயர் தெரியாத ஒரு பிள்ளையை நன்றாக எழுதச் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே போயிருக்கிறார். தகப்பன் நனைந்திருக்க வேண்டிய மழை அது.

“எக்ஸாம் எப்படி எழுதின?” என்று கண்மணிதான் கேட்டாள். அவர் கறுப்புக் குடையின் முறிந்த கம்பிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“நாலாவது கேள்வி பாலத்துல நடக்கும்போதே போட்ட மாதிரி கணக்கு லா,” என்றாள் தாரணி.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. அறுபத்தேழு. மேனுகா பஸ்ஸில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தாள். கேட்டால், “நல்லதுன்னு சொன்னா,” என்றாள். அந்த வாரமே பொத்தோங் பாசிர் அம்மா, இதே பஸ்ஸில் வரும் தன் மூத்த மகளும் அடுத்த வருஷம் உயர்நிலைக்குப் போகிறாள், பள்ளி பக்கம்தான், அவளும் நடந்தே போகட்டுமா என்று யோசிப்பதாகச் சொன்னார். ஓர் இருக்கை காலியாகும் செய்திக்கு எந்த பஸ்காரரும் அப்படிச் சிரித்திருக்கமாட்டார்.

தேர்வுகள் எல்லாம் முடிந்திருந்தன; கறுப்புக் குடை இன்னும் குளியலறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. “திங்கக்கிழமை போகும்போது வச்சிடறேன்,” என்றாள் தாரணி.

“நான் வச்சிட்டு வரேன் பாப்பா. ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இல்ல.”

அவள் ஒரு மாதிரி பார்த்தாள். “தூண் தெரியுமா? கடைசிக் கடை. பச்சைக் கதவு.”

“தெரியும்.”

வெள்ளிக்கிழமை, காலைச் சுற்றுக்கும் மதியச் சுற்றுக்கும் நடுவே, ஆளில்லாத பஸ்ஸில் உட்கார்ந்து அவர் அந்தக் குடையை மடியில் விரித்தார். கருவிப் பெட்டியிலிருந்து குறடை எடுத்தார். முறிந்த இரண்டு கம்பிகளுக்கும் எஃகுக் கம்பி வைத்துச் சுற்றி இறுக்கினார். துணி பிய்ந்த முனைகளைக் கறுப்பு நூலால் தைத்தார். கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். சத்தமே இல்லாமல் விரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கிளம்பினார். சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளி வளைவுகள் அணைந்து, கம்பி மயில்கள் சாம்பல் வானத்தில் நின்றன. காளியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டார். இத்தனை வருஷம் இந்தச் சாலையில் ஓட்டியிருக்கிறார். கடைகளின் பெயர்ப் பலகைகளை அன்றுதான் படித்தார். ஒரு படியில் பூனை தூங்கியது. அவள் சொன்ன அதே படி.

பச்சைக் கதவுக் கடை பூட்டியிருந்தது. தூணில் கொக்கி. குடையை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து புதுக் கைத்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துக் குடையின் மடிப்புக்குள் செருகினார். அதன்மேல் ஒன்றும் எழுதவில்லை. பெயரும் போடவில்லை. சாலையில் இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. அவர் நினைத்தபடியே இருந்தது.

இரண்டு அடி எடுத்து வைத்ததும் தூறத் தொடங்கியது. திரும்பிக் கொக்கியைப் பார்த்தார். நல்ல குடை. பார்த்துச் சிரித்துக்கொண்டு கூரையை விட்டு வெளியே இறங்கினார். வீட்டுப் பக்கம் போகவில்லை. பாலத்தின் பக்கம் நடந்தார், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே. பள்ளி வாசலில் கால் நின்றபோது முன்னூற்று அறுபத்தொன்று. அவளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அவள் கால் சின்னக் கால். தலை நனைந்து, முதுகு நனைந்து, அந்த எண்ணை எதால் உடைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே சுப்பிரமணியம் வந்த வழியே நடந்தார். மனதில் பத்தொன்பது ஒரு தடவை வந்துபோனது. அதையே பிடித்துக்கொண்டு, மழையில் ஆள்காட்டி விரலால் எழுதிப் பார்த்தார்.